கொஞ்சம் வழி விடுங்க

ஒரு ரத்தக்குழாயின் உள்சுவரில் காயம். அடைத்த இடத்தை விரிக்க டாக்டர் உள்ளே விட்ட பலூன் உரசிவிட்டது. தப்பிய உள்தோல் செல்கள் கைகோத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து மெல்ல நகர்ந்து காயத்தை மூடத் தொடங்கின.

"இன்னுமா முடியலை? சீக்கிரம், சீக்கிரம்!" ரத்தத்தில் வந்த ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலப் பயல் விலாவில் இடித்தது. வழக்கமாக ஒன்றிரண்டுதான் வரும். கீரையோடு வரும் வைட்டமின், ஃபோலேட் அக்கா, காதைத் திருகி இழுத்துப் போய்விடுவாள். கீரை வந்து நாளாயிற்று. இப்போது பெருங்கூட்டம்.

"இடிக்காதேடா, கை நழுவுது!" என்றது உள்தோல்.

"இடிக்காதேடா, கை நழுவுது!" அதே கீச்சுக்குரலில் பழித்துக்காட்டி, கூட்டமே சேர்ந்து இடித்தது. கைகள் நழுவின. காயம் திறந்தே கிடந்தது.

சுவருக்குள் படுத்திருந்த தசைக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மேலே என்ன ஒரே கூச்சல்? நானே வந்து மூடுறேன்."

"வேண்டாம் அண்ணே! நீங்க வந்தா பெருகுறதை நிறுத்தமாட்டீங்க. ரத்தம் போக இடமிருக்காது" என்றது உள்தோல்.

"மூடத் துப்பில்லை, வாய் வேற!"

தசை ஏறி வந்தது. ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, மேடாகக் குவிந்தது. குழாய் ஊசித்துளையாயிற்று.

"பாத்தியா? காயம் எங்கே?" தசை நெஞ்சை நிமிர்த்தியது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவாங்கினார்கள். "ஃபோலேட் வந்திருக்கேன். அந்தப் பயல்களைக் கூட்டிட்டுப் போகணும். கொஞ்சம் வழி விடுங்க."

"வழியா?" என்றது தசை. "இங்கே காயம் மட்டும்தானே இருந்துச்சு!"