ஆமையின் நைந்த பத்திரம்

ஜெராக்ஸ் மெஷின்களை வாடகைக்கு விடும் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் அணிலுக்கு ஒரு ஆர்டரும் கிடைக்கவில்லை. இன்றும் கிடைக்காவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று மேனேஜர் கரடி சொல்லிவிட்டது.

பத்திர ஆபீஸ் நடத்தும் ஆமையின் வாசலில், போட்டிக் கம்பெனிக் கொக்கு எதிரே வந்தது. "வீணா மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கியே தம்பி! என் டெமோவைப் பார்த்து ஆமை அசந்துபோச்சு."

அணில் தயங்கியபடியே உள்ளே போனது. "ஐயா, உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான தாளைக் கொடுங்க."

ஆமை நிமிர்ந்து பார்த்தது. "கொக்கு கையோட கொண்டுவந்த பளபளத் தாளைக் காப்பி எடுத்துக் காட்டிட்டுப் போச்சு. என் தாளைக் கேட்கவே இல்ல."

அது நீட்டிய பத்திரம் மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"இதை மெஷின் இழுத்தா கிழிஞ்சிடும் ஐயா. ஒவ்வொண்ணா கண்ணாடிமேல வச்சுத்தான் எடுக்கணும். நேரமாகும்" என்று அணில் உள்ளதைச் சொன்னது. பிறகு மெல்ல வைத்து எடுத்தது. காப்பியில் மங்கிய முத்திரைகூடத் தெளிவாக விழுந்தது.

"ஆகட்டுமே. எனக்கென்ன அவசரம்?" என்ற ஆமை, மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

அணில் அந்த ஒப்பந்தத்தை வாலில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கொக்கு நிற்கும் குளக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனது.