ஒரு சதவீதம்

ஏரிக்கரை வீடுகளை இடித்த நாளில் ஜெசிந்தா எடுத்த நாற்பது நிமிடப் படம், எங்கே ஏற்றினாலும் மறுநாள் காணாமல் போனது. அதனால் இறக்குபவருக்கு நேராகப் போகும்படி வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே டாரன்டில் விட்டாள். இடித்தவர்களுக்கு வீட்டு முகவரி தெரியக் கூடாதென்று, கம்ப்யூட்டருக்குள்ளேயே கன்டெய்னர் என்ற தனி அறைபோன்ற ஒன்றில் டாரன்டை வைத்து, முகவரியை மறைக்கும் விபிஎன் தவிர வெளியே போக வேறு வழியில்லாதபடி அடைத்திருந்தாள். எங்கோ ஒரே ஒருவர் படத்தை இறக்கிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"முடியட்டும், அப்புறம் சோதிச்சுக்கலாம்" என்றான் கணவன் அமலன்.

"விபிஎன் அறுந்தா டாரன்டும் நிக்குதான்னு இப்பவே தெரியணும்" என்று விபிஎன்னை நிறுத்தினாள்.

நிற்க வேண்டிய எண் தொண்ணூற்றொன்பதானது. அடைப்பில் எங்கோ ஓட்டை; படம் வீட்டு இணைப்பிலேயே, வீட்டு முகவரியோடு போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, வயரப் பிடுங்கு ஜெசி!"

அமலன் பாய்வதற்குள் அவள் மோடத்தின் பிளக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அட்ரஸ் போனது போனதுதான். படமாவது முழுசா போகட்டும்."

நூறு வந்ததும் அவளே பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் அதன் தடம் சிவந்திருந்தது.

"இனி அது நம்மகிட்ட மட்டும் இல்ல. வர்றவன் வரட்டும்" என்றாள்.

வாசல் கதவைத் தாழிடப் போன அமலன், சற்று நின்று, அதைத் திறந்தே விட்டுவிட்டு வந்தான்.