வெளியில தெரியாத டப்பா

"என்னை ஏமாத்தப் பாக்கறியா தம்பி?"

காந்தா கேட்டது கடை முழுக்கக் கேட்டது. எஸ்.பி. ரோட்டில் அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. தம்பி என்று அவள் சொன்ன ரங்கா, பத்து வருஷமாக அங்கே பார்ட் பொறுக்கிக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுப்பவன்.

"ஏமாத்தலக்கா. இந்த எஸ்.எம்.பி.எஸ். டப்பாதான் எல்லா பார்ட்டுக்கும் கரண்ட்டைப் பிரிச்சுக் குடுக்குது. லோக்கல் டப்பா போட்டு ஒரு நாள் போச்சுன்னா, அது தனியாப் போகாது. கிராஃபிக்ஸ் கார்டு, போர்டு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும். கார்டுல ஒரு படி குறைச்சுக்கோங்க. நல்ல டப்பா போட்டுக்கலாம்."

"கார்டுல கை வைக்காத. காலேஜ் சீட்டு வாங்கினா இந்த கார்டுதான்னு இவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

பக்கத்தில் நின்ற மகள் சங்கமித்ரா அம்மாவின் கையை இழுத்தாள். "அம்மா, அவர் சொல்றது கரெக்ட்டும்மா. எனக்குச் சின்ன கார்டே போதும். கேம் ஓடும்."

"நீ சும்மா இருடி. அடுகோடி ஏரியாவிலருந்து வந்திருக்கு, இதுக்கு என்ன தெரியும்னு நெனைக்கிறாங்க. வெளியில தெரியவே தெரியாத டப்பாவுக்கு டபுள் ரேட்டா? உனக்கு அதுல கமிஷன் தம்பி, அதானே?"

காந்தா ஐ.டி. கம்பெனியில் மூன்று வருஷம் தரை துடைத்துச் சேர்த்த பணம். வாய் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

ரங்கா அம்மாவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "சரிக்கா. லோக்கலே போட்டுடறேன். நாளைக்கு வாங்க, மாட்டித் தர்றேன்."

பில் போட்டுக்கொண்டிருந்த சௌம்யா நிமிர்ந்து பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகிறது. ஆனாலும் ரங்கா கஸ்டமரிடம் தோற்று அவள் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வந்தால் போதும், "நேத்து சக்கத் மேட்ச் சௌம்யா, செம ஆட்டம்" என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆடிய கேமை மத்தியானம் வரை சொல்லிக் காதைத் தின்கிற ஆள். அந்த வாய் இவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்ளுமா?

ஏதோ இருக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மாவும் மகளும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். ரங்கா பாதி வேலையில் திரும்பினான்.

"அக்கா, இன்னும் அரை மணி ஆகும். எதிர்க்கடையில காபி நல்லா இருக்கும், குடிச்சிட்டு வாங்க."

அவர்கள் படி இறங்கியதும் ரங்கா சுற்றும்முற்றும் பார்த்தான். தன் பையிலிருந்து பழைய டவலில் சுற்றிய எதையோ எடுத்தான். அதுவும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.தான். ஆனால் பழசு. ஃபேனில் தூசி அப்பியிருந்தது. ஊதித் துடைத்து அதைக் கேபினெட்டுக்குள் மாட்டினான். காந்தா பேருக்குப் பில் போட்ட புது டப்பா அவன் பைக்குள் போனது.

பில் மேஜையிலிருந்து சௌம்யா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். பத்து வருஷ ஆளைப் பற்றி ஒரு மாச ஆள் வாயைத் திறந்தால் யார் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். பில் புத்தகத்தில் குனிந்துகொண்டாள்.

காபி குடித்துவிட்டு வந்தார்கள். ரங்கா ஸ்விட்சைப் போட்டான். விளக்கெல்லாம் எரிந்து திரையில் படம் வந்தது. சங்கமித்ரா முகத்திலும் வந்தது வெளிச்சம்.

"பாத்தியா தம்பி? லோக்கல் டப்பாவே ஜம்முனு ஓடுது. இதுக்கா நேத்து அவ்வளவு கதை விட்ட?"

"ஆமாக்கா" என்று ரங்கா சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் சௌம்யாவால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"அக்கா, அதைத் திறந்து பாருங்க. உள்ள இருக்கறது நீங்க வாங்கின டப்பா இல்ல, பழசு. உங்களுது அவர் பையில இருக்கு."

ரங்காவின் முகம் செத்துவிட்டது. "சௌம்யா, வேணாம்... விடு."

"அடப்பாவி! நேத்து கமிஷன், இன்னிக்குத் திருட்டா?" காந்தா பாய்ந்து அவன் பையைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே புது டப்பா. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "கூப்பிடு உங்க ஓனரை! உழைச்ச காசு, வயிறு எரியுது!"

பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சங்கமித்ரா மட்டும் குனிந்து கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினாள். போன் டார்ச் அடித்து உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அம்மா, கத்தாதம்மா."

"ஏன்டி கத்தக்கூடாது?"

"நேத்து இவர் உன்னை வாங்கச் சொன்னாரே, நல்ல டப்பா. இது அந்தக் கம்பெனி, அதே மாடல். கொஞ்சம் யூஸ் பண்ணது, அவ்வளவுதான்."

சௌம்யா மெல்லக் கேட்டாள். "இது ஏது ரங்காண்ணா?"

ரங்கா தலையைச் சொறிந்தான். "என் வீட்டுக் கம்ப்யூட்டர்லருந்து கழட்டினது. அக்கா கார்டை விட்டுத் தர மாட்டாங்க. அந்த லோக்கலை மாட்டி அனுப்ப எனக்கு மனசு வரல. சொல்லிட்டுக் குடுத்தா அதுக்கும் ஏதாவது சந்தேகப்படுவாங்கன்னு..."

காந்தாவின் தூக்கிய கை தானாக இறங்கியது. "அப்ப உன் கம்ப்யூட்டருக்கு?"

"உங்க கையில இருக்கே, அதுதான்க்கா. போச்சுன்னா எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியும், பாப்பாவுக்குத் தெரியாதே" என்று ரங்கா கையை நீட்டினான். "குடுங்க, நாளைக்கு மேட்ச் இருக்கு."