கலாவதியின் நேர்த்தி

“ஆற்ற பேருக்கம்மா அர்ச்சனை?” என்று ஐயர் கேட்டார்.

“மருமகன்ரை பேருக்கு, ஐயா. லக்ஷன். உத்தரட்டாதி” என்றாள் கலாவதி.

புலம்பெயர்ந்து வந்த அட்லிஸ்வில் ஊரின் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள் அவள். ஐயருக்கு வீட்டுக் கதை தெரியும். “அமெரிக்காப் பயணம் சரிவரவேணும் எண்டுதானே? முருகன் பார்த்துக்கொள்ளுவான்” என்றபடி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கலாவதி கண்ணை இறுக மூடினாள். ‘முருகா, இந்தப் பயணம் சரிவரக் கூடாது. அவைக்கு விசா குடுக்க விடாதை. என்ரை பிள்ளையை என்னோடையே வைச்சிரு. தேருக்கு இந்த முழங்காலோடையே வீதியிலை விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறன்.’

மணி அடித்தது. யாருக்கும் கேட்டிருக்காது என்று தெரிந்தும் அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

லக்ஷனின் கொம்பனி அவனை அயோவா மாநிலத்தில் டுபியூக் என்ற சின்ன ஊருக்குக் கூப்பிட்டிருந்தது. அங்கே திறக்கப்போகும் தொழிற்சாலைக்கு அவன்தான் பொறுப்பு. போவதா, விடுவதா என்று அவனும் யதுஷாவும் மாசக்கணக்காகக் கதைத்தார்கள். கேட்டபோதெல்லாம் கலாவதி, “என்னைப் பார்க்காதேங்கோ பிள்ளையள், போங்கோ. எனக்கென்ன குறை?” என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது.

கணவர் சச்சிதானந்தன் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது மகள் யதுஷா ஒருத்திதான். முதியோர் இல்லத்துச் சலவை அறை வேலையில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. மாடி வீட்டில் தனியாகக் கிடந்தவளை, “இனி எங்களோடை இருங்கோ மாமி” என்று பிடிவாதமாகக் கூட்டிவந்தவனே லக்ஷன்தான். அவனுக்கு எதிராகத்தான் இந்த நேர்த்தி வேண்டுதல்.

ஒருநாள் யதுஷா டுபியூக்கில் பார்த்துவைத்த வீட்டைக் கைப்பேசியில் காட்டினாள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிட்ட ஒரு பழைய மரவீடு.

“மேலை ரெண்டு அறை இருக்கம்மா. ஆனா எங்களுக்குப் பிடிச்சது இந்தக் கீழ் அறைதான். படி ஏறத் தேவையில்லை, பாத்ரூமும் பக்கத்திலை.”

“வடிவாயிருக்கு” என்று கலாவதி சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுது கும்பிட்டாள்.

பனி விழத் தொடங்கிய ஒரு மாலை. சாப்பாட்டு மேசையில் யதுஷா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “அமெரிக்கா சரிவரேல்லையம்மா. விசாவிலை பிரச்சினை. விட்டிட்டம்.”

லக்ஷன் புட்டுக்குச் சொதியை ஊற்றினான். கலாவதியின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. “சரி, விடுங்கோ. எல்லாம் நன்மைக்குத்தான்” என்றாள்.

இறங்கிய பாரம் சில நாளிலேயே இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. லக்ஷனிடம் வேலை பழகிய பெடியன் ஒருத்தன் அவனுக்குப் பதிலாக டுபியூக் போனான். அவனுக்குக் கொடுத்த பிரியாவிடை விருந்துக்குப் போய்வந்த லக்ஷன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பல்கனியில் நின்று கீழே போகும் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். யதுஷா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது கலாவதிக்குக் கேட்டது.

அடுத்த நாளும் அவன் மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டுதான் வந்தான். அந்த எண்ணெயை எடுத்துத் தடவ அவளுக்குக் கை வரவில்லை. இரண்டு வெள்ளி, சளி, தடிமன் என்று சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் இருந்தாள்.

மூன்றாம் வெள்ளி, “வாங்கோ மாமி, நான் கொண்டுபோய் விடுறன்” என்று லக்ஷன் காரை எடுத்தான். கோயில் வாசலில் அவன் நிறுத்தியபோது அவள் இறங்கவில்லை.

“ஏன் மாமி, கால் நோகுதோ?”

“காலில்லைத் தம்பி. முருகன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடக்கு.”

சொல்லத் தொடங்கிய பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. “உங்கட பேரிலை அர்ச்சனை செய்துபோட்டு, உங்களுக்கு விசா கிடைக்கக் கூடாதெண்டு கேட்டனான் தம்பி. நீங்கள் போனா நான் தனியக் கிடந்து செத்துப்போவன் எண்ட பயம். உங்கட முன்னேற்றத்தைக் கெடுத்தது நான்தான். நீங்கள் என்ன பேசினாலும் கேக்கிறன்.”

லக்ஷன் கார் எஞ்சினை நிறுத்தினான். வெடிப்பான் என்று அவள் தலையைக் குனிந்து காத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

“நீங்கள் ஒண்டையும் கெடுக்கேல்லை மாமி. நான் சொன்னனெண்டு யதுவிட்டை மட்டும் காட்டிக்கொள்ளாதேங்கோ. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறா.”

“என்னத்தைச் சொல்லக் கூடாது?”

“எங்கட ரெண்டு பேற்ற விசாவும் வந்தது மாமி. உங்களுக்குக் கேட்டதுதான் வரேல்லை.”