அடுப்படிச் சுவரில் ஓர் ஓட்டை

“எந்த நாசமாப் போனவன் பண்ற வேலைடா இது? தைரியமிருந்தா முன்னால வா!”

சென்னிமலைக் கவுண்டர் தெருவில் நின்று கத்தினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழை அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

கத்தாமல் என்ன செய்வார்? தீபாவளிச் சந்தைக்காக அவர் பேரம் பேசி வாங்கின வெல்லம் முப்பது சிப்பம் வீட்டுக்குள் அடுக்கிக் கிடக்கிறது. மழை பிடித்ததும், சுவருக்குள் குடியிருந்த எறும்பெல்லாம் கிளம்பிவிட்டன. அவர் தன் கையாலேயே சுண்ணாம்பு குழைத்து ஓட்டை ஓட்டையாக அடைத்தார். மேலே மஞ்சள் பூசினார். சீமெண்ணெய் நனைத்த துணியைச் சிப்பங்களைச் சுற்றிப் போட்டார். ஒரே ஒரு நாள்தான் நிம்மதி. மறுநாள் அடுப்படி ஓரத்து ஓட்டை திறந்து கிடந்தது. அடைத்தார். மறுபடி திறந்தது. இதோடு மூன்றாம் தடவை. ரெண்டு சிப்பம் வீண்.

“பல்லி நோண்டுனா இப்பிடி வட்டமா இருக்குமா? இது யாரோ கை வெச்ச வேலை!”

பக்கத்து வீட்டு வாசலில் அப்துல் வஹீது குடைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

“ஏனுங்க பாய், செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறது யாரு?”

“நாங்கதானுங்க.”

“நாம்பாட்டுக்கு அடைக்கறேன், நீங்கபாட்டுக்குக் குத்தி உடறீங்களாக்கும்? என்ற பொழப்புல மண்ணள்ளிப் போடறதுல அப்பிடி என்னங்க சந்தோசம்?”

“அல்லா மேல ஆணைங்க, கவுண்டரே. நாங்க தொடவே இல்லீங்க.”

“குடையக் குத்தற ஊசியில செவுத்தையும் குத்திப் பழகறாப்பல இருக்குது!”

தெருவே சிரித்தது. வஹீது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். ஒரு பெரிய பேரத்தை முடித்த தெம்போடு கவுண்டர் வீட்டுக்குள் வந்தார்.

“ஏனுங்க, பாவம் அவரைப் போய்…” என்று ஆரம்பித்தாள் மனைவி பூவாத்தாள்.

“நீ உன்ற சோலியப் பாரு.”

மறுநாள் காலை மண்டிக்குக் கிளம்பியவர், தெருமுனை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளவே குடை எடுக்கத் திரும்பினார்.

அடுப்படியில் பூவாத்தாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சாக்குத் தைக்கிற கோணூசி. சுவரிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

“அடிப்பாவி! நீயா?”

ஓங்கின கையைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

“அடிங்க. ஆனா பாய் ஊட்டை ஒருக்கா எட்டிப் பாத்துப்போட்டு வந்து அடிங்க.”

அதே கோபத்தோடு போனார். வஹீது உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். சாக்குத் திரைக்குக் கீழே, பாயில் நீட்டின ஒரு கால் மட்டும் தெரிந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. கட்டின் ஓரமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. கோழியிறகால் வஹீது எறும்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“வாங்க கவுண்டரே! நனைஞ்சுட்டீங்களே, உக்காருங்க.”

“இதென்னங்க பாய்?”

“எம் பொண்ணு சித்திகாதானுங்க. பத்து நாளைக்கு முந்தி கெணத்தடியில வழுக்கி உழுந்துட்டா. நாப்பது நாளைக்கு அசையக் கூடாதுன்னு கட்டுப் போட்டவரு சொல்லியிருக்காருங்க. கட்டுல முட்டையும் உளுந்தும் இருக்குதுங்களா, அந்த வாசத்துக்கு எறும்பு மொச்சுக்குது. முந்தியெல்லாம் இத்தனை இல்லீங்க. போன வாரத்துல இருந்துதான் செவுத்துல இருக்கறது பூராவும் இந்தப் பக்கமே எறங்குது. நடுவுல கொஞ்சம் கொறையுது, மறுபடி வருது. எதனாலன்னு தெரியலீங்க.”

திரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய முனகல்.

“அது கெடக்கட்டுங்க. உங்க வெல்லம் கெட்டுப்போச்சுன்னீங்களே, இப்பத் தேவலைங்களா?”

எத்தனை பெரிய வியாபாரியையும் பேசியே மடக்குகிற கவுண்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்குத் திரும்பினார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க அடச்ச மறுநாளே. ரசம் குடுக்கப் போனவ பாத்தேன். இங்க அடச்ச எறும்பு பூரா அங்க அந்தப் புள்ளை காலுல, ஒதறக்கூட முடியல அதுக்கு. நம்மூட்டுல மாவைத் தின்னுட்டுப் போகட்டும்னு அடுப்படிப் பக்கமா ஒண்ணைத் தொறந்து உட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னேனுங்க. ‘என்ற வெல்லம் போனா பாய் வந்து அழுவாரா’ன்னு கேட்டீங்க.”

கேட்டதுதான். இப்போது நினைவு வந்தது. உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலிருந்தது அவருக்கு. தன் கட்டிலைப் பார்த்தார். நாலு காலுக்கும் நாலு கிண்ணம் தண்ணீர். ஓர் எறும்பு ஏறாமல் இத்தனை நாளும் அதில்தான் தூங்கியிருக்கிறார்.

குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அந்தப் புள்ளைக்கு இந்தக் கட்டிலைக் குடுத்தரலாம், பூவாத்தா. கிண்ணத்தோடயே. நீ பொறக்கடை வழியாக் கொண்டுபோய்க் குடுத்துரு. தெருவுல யாரும் பாக்க வேண்டாம்.”

பூவாத்தாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“திட்டறது தெருவாசல்ல, குடுக்கறது பொறக்கடையிலயா? நல்லா இருக்குதுங்க ஞாயம்! நேத்து அவரு தலை குனிஞ்சு போனப்ப நானும் வாயடச்சு நின்னேன், எனக்கும் அந்த வெக்கம் இருக்குது. எந்திரிங்க. கட்டிலை நீங்களே தலையில தூக்குங்க. முன்வாசல் வழியாப் போங்க. சிரிச்சவங்க அத்தனை பேரையும் கூப்புட்டு நிறுத்தி, ஓட்டை போட்டது எம் பொண்டாட்டி, போட வெச்சது நானுன்னு சத்தமாச் சொல்லிப்போட்டு வாங்க!”