படைத்தலைவியின் பெட்டி

"அப்பா, நீங்க நடுவுல உக்காருங்க. நான் இந்த ஓரம்."

குட்டி சொன்ன தோரணையில் தியேட்டரில் முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பியே பார்த்துவிட்டார். எட்டு வயசுக்கு என்ன அதிகாரம்!

சித்தி மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த இந்த நாலு மாசத்தில் பழகிப்போன இடம்தான். சாப்பாட்டு மேஜையிலும் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான். நடுவில் அப்பா, மதில் சுவர் மாதிரி.

தாயில்லாப் பிள்ளை என்று யாரும் குட்டியை ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை. "சித்தின்னு கூப்பிடும்மா" என்று அப்பா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "இந்தாங்க"வைத் தவிர அவள் வாயில் வேறு எதுவும் வந்தபாடில்லை.

இன்றைக்காவது மாறாதா என்ற நப்பாசையில்தான் சித்தி இந்தக் கார்ட்டூன் படத்துக்கு டிக்கெட் எடுத்தாள். அவளுக்கு வேலை டப்பிங். இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் அலறுகிற குரல், போனில் 'ராங் நம்பர்' சொல்கிற குரல் என்று ஓட்டியவளுக்கு முதல் தடவையாகப் பெரிய பாத்திரம் கிடைத்திருந்தது. குட்டியிடம் அதைச் சொல்லவில்லை. தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

படம் ஆரம்பித்தது. எங்கோ ஒரு கிரகம். பஞ்சுப் பொதிகள் போல உருண்டு திரிகிற ஜீவன்கள். நெற்றியோடு நெற்றி முட்டி நலம் விசாரித்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தன. குட்டி வாயெல்லாம் பல்லாகப் பார்த்தாள்.

அப்புறம் வானத்திலிருந்து கப்பல்கள் இறங்கின. வந்தது யார்? நாம்தான், மனுஷங்க!

கப்பல் கதவு திறந்து படைத்தலைவி வெளியே வந்தாள். "இந்த இடம் இனி நம்முடையது! என்ஜினை நிறுத்தாதீர்கள். எடுக்க வேண்டியதை எடுத்ததும் கிளம்பிவிடலாம்!"

குட்டி வெடுக்கென்று திரும்பினாள். திரையை விட்டுவிட்டு, அப்பாவின் தோளுக்கு மேலாகச் சித்தியையே பார்த்தாள்.

"சித்தி குரல்தான்! எப்படி மிரட்டறாங்க பாத்தியா?" என்று அப்பா பெருமை பொங்கக் கிசுகிசுத்தார்.

'இரக்கமே தெரியக் கூடாதும்மா' என்று ரெக்கார்டிங்கில் திரும்பத் திரும்பச் சொல்லி வாங்கிய குரல் அது. சபாஷ் கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்குச் சித்திக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தவர் வீட்டில் வந்து இறங்குகிறவளின் பேச்சு இந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

பஞ்சு ஜீவன்கள் கூட்டை இழந்து ஓடின. கடைசியில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கப்பல்கள் போயே போய்விட்டன. குட்டி விசும்பி விசும்பி அழுதாள். சித்தி நீட்டிய கைக்குட்டையை அவள் வாங்கவில்லை.

படம் முடிந்து மூவரும் வீடு திரும்பினார்கள்.

சாயங்காலம் சித்தி குளித்துவிட்டு அறைக்கு வந்தபோது, அவளுடைய துணிகள் பீரோவுக்கு முன்னால் தரையில் குவிந்து கிடந்தன. கட்டிலுக்கடியில் இருந்த சக்கரப் பெட்டியைக் காணோம்.

வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிதான் அவளுக்கு அலமாரி. பீரோ முழுக்கக் குட்டியின் அம்மா துணிகள். "அதையெல்லாம் தள்ளிட்டு உன்னோடதை வச்சுக்கோ" என்று கணவர் சொன்னார். சொன்னதோடு சரி, ஆண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலே வேலை முடிந்த மாதிரிதான். சித்திக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு அம்மா என்று மிச்சமிருப்பதே அந்தப் பீரோதான், அதில் போய்க் கை வைப்பதா? துவைத்து மடித்ததையெல்லாம் திரும்பப் பெட்டியிலேயே வைத்து மூடிவிடுவாள்.

இப்போது அதற்கும் இடமில்லை. போ என்று இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

பின்னாலேயே வந்த கணவரும் பார்த்துவிட்டார். "குட்டி! இங்க வா! என்ன திமிர் இது?"

"விடுங்க, சின்னப் பிள்ளை."

"நீ சும்மா இரு. எல்லாம் நீ குடுக்கற இடம்!"

குட்டி கதவோரம் வந்து நின்றாள். முழங்கையெல்லாம் தூசி.

"துணியை எதுக்குத் தூக்கிக் கீழ போட்ட?"

"தூக்கிப் போடலப்பா. அடுக்கறதுக்கு எடுத்தேன். அம்மா துணியை ஒரு பக்கமாத் தள்ளிட்டேன். இதை அடுக்கறதுக்குள்ள நீங்க கத்திட்டீங்க."

சித்தி அப்போதுதான் நிமிர்ந்து பீரோவைப் பார்த்தாள். நடுத்தட்டில் பாதி காலியாக இருந்தது.

அப்பாவின் சுருதி இறங்கியது. "அப்போ பெட்டி எங்கடா?"

"மொட்டை மாடியில. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி."

"அதை ஏன் அங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்ச?"

குட்டிக்கு உதடு பிதுங்கியது. அப்பாவைத் தாண்டி வந்து, சித்தியின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு நின்றாள்.

"கிளம்பப் போறவங்கதானேப்பா என்ஜினை நிறுத்தாம வச்சிருப்பாங்க? சித்தியும் வந்ததுலேர்ந்து பெட்டியைக் கட்டியே வச்சிருக்காங்க. அதான்... நான் நிறுத்திட்டேன்."