நாற்பது நொடி

பெரியவர் மறுபடியும் செத்துப்போனார். லத்தீஃபாவின் கை அவர் நெஞ்சின் மேல் இருந்தபடியே இருந்தது.

"நீங்கதான் கொன்னுட்டீங்க சிஸ்டர்," என்றான் தேஜஸ், துளியும் வருத்தமில்லாமல். "நேத்தும் நீங்கதான்."

லத்தீஃபா தலையில் மாட்டியிருந்த கனத்த கண்ணாடியையும், காதை அடைத்திருந்த ஹெட்போனையும் கழற்றினாள். கட்டிலும் இல்லை, பெரியவரும் இல்லை. மீட்டிங் ஹாலும், லேப்டாப்போடு தேஜஸும்தான்.

திருவிடந்தையைத் தாண்டி ஈ.சி.ஆர். ஓரத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வி.ஆர். மெஷின் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. நர்சுகளுக்குக் கை கழுவக் கற்றுத்தரும் மெஷின். கண்ணாடிக்குள் தெரியும் பொய் வார்டில் குழாயைத் தொட்டால் குற்றாலம் கொட்டும். நிஜ வார்டில் மூன்று குழாயில் இரண்டில் காற்று வரும். கையில் தடவிக்கொள்ளும் சானிடைசர் புட்டி, மெஷின் வந்த வாரத்திலிருந்து காலி.

லத்தீஃபாவுக்குக் கேஷுவாலிட்டியில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். பைக்கோடு பறந்து விழுந்தவர்களையும், திருக்கை முள் குத்திய மீனவர்களையும் கையில் ஏந்தியவள். கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் யாராவது "அய்யோ" என்றால், புத்திக்கு முன்னால் கை போய்விடும்.

"அந்தப் பெரியவரு கத்துறதே உங்களை டெஸ்ட் பண்ணத்தான் சிஸ்டர்," என்று நூறாவது முறையாக விளக்கினான் தேஜஸ். நாவலூர் கம்பெனியிலிருந்து மெஷினோடு வந்த பையன். "எவ்ளோ கத்துனாலும் அசையக் கூடாது. ஆறு ஸ்டெப், நாப்பது செகண்ட். அப்புறம் தொடுங்க."

"அதுக்குள்ள அவுரு பூட்டாருன்னா?"

"அவர் பொம்மை சிஸ்டர்!"

கதவைத் திறந்துகொண்டு நிர்வாக அதிகாரி ஜெபக்குமார் வந்தார். செங்கல்பட்டுக்காரர்தான், ஆனால் கோட்டு போட்ட நாளிலிருந்து அவர் வாயில் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் வந்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. மெஷின் வாங்க யோசனை சொன்னவர் அவர். திறப்பு விழாவில் அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டவரும் அவர்.

"திஸ் இஸ் யுவர் லாஸ்ட் சான்ஸ், சிஸ்டர். ஃபெயில்னா ரெக்கார்ட் ரூம். நோ எமோஷன்ஸ், ஒன்லி ப்ரோட்டோகால். ஓகே?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ரெக்கார்ட் ரூம் என்றால் ஃபைல்களுக்கு நடுவே மீதி சர்வீஸ். ஃபைல்கள் "அய்யோ" என்று சொல்லாது. லத்தீஃபா "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கண்ணாடியையும் ஹெட்போனையும் மாட்டிக்கொண்டாள்.

தேஜஸுக்கு ஃபோன் வந்தது. "ஸ்டார்ட் பண்ணிட்டேன், நீங்க பாத்துக்குங்க சார்," என்று வராந்தாவுக்குப் போனான்.

பொய் வார்டில் பெரியவர் புரண்டார். "செவிலியரே, எனக்கு மூச்சு முட்டுகிறது. தயவுசெய்து உதவுங்கள்."

லத்தீஃபா உதட்டைக் கடித்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். உள்ளங்கை. புறங்கை.

"யம்மா... மாரப் புடிச்சிகினு வலிக்குதே..." பக்கத்துக் கட்டிலிலிருந்து வருவதுபோல இன்னொரு குரல் மங்கலாகக் கேட்டது. "யாரனா வாங்களேன்..."

பத்தொன்பது வருஷமாகக் கேட்ட அழுகை. பாவிகள், இன்றைக்கென்று மெஷினுக்கு ஊர் பாஷையையும் சொல்லிக்கொடுத்துவிட்டார்களே! இரண்டு முறை ஏமாந்தது போதாதா? விரலிடுக்கு. விரல் முட்டி.

தொப்பென்று ஏதோ விழுந்தது. கட்டைவிரல்.

"சிஸ்டர்... தண்ணி..."

'அழு, நல்லா அழு. இந்த வாட்டி நான் மசிய மாட்டேன்.' கண்ணில் முட்டிய நீரோடு நக நுனிகளைத் தேய்த்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

பிறகுதான் பெரியவரைத் தொட்டாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். "நன்றி செவிலியரே!" என்று கும்பிட்டார். மேலேயிருந்து கலர் காகிதம் கொட்டியது. நூற்றுக்கு நூறு!

"சார், பாத்தீங்களா சார்!" லத்தீஃபா சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அதன் காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தார் ஜெபக்குமார். சட்டை தொப்பலாக நனைந்து, முகம் சாம்பலாகியிருந்தது.

"யா அல்லா!"

பாய்ந்து போய் அவர் டையைத் தளர்த்தினாள், நாடி பார்த்தாள், தேஜஸைக் கத்திக் கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சர் வந்தது, ஆக்சிஜன் வந்தது, ஈ.சி.ஜி. வந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சின்ன அட்டாக்தான், பொழைச்சிட்டார்," என்றார்.

லத்தீஃபா அவர் கட்டிலருகே குனிந்தாள். "சார், இப்போ வலி எப்டி கீது?"

ஜெபக்குமார் மூச்சுக் கவசத்தை மெல்ல விலக்கினார். கோட்டு இல்லை, ஆங்கிலமும் இல்லை.

"என்னியே கை கழுவிட்டியேம்மா!"